அட்மின் மச்சினன்

"மச்சான், பச்சைக் கலர்ல இருக்குல்ல, அதத் தொடுங்க. குரூப்பு தெறக்கும்."

அக்கா புருஷன் மொக்கையனின் விரலைப் பிடித்து வீரபாண்டி சொல்லிக்கொடுத்தார்.

பாளையம்பட்டி நூலகத்தில் பெரியவர்களுக்கு வாட்ஸ்அப் வகுப்பு எடுக்கும் சத்யபிரியாவுக்கு நம்ப முடியவில்லை. வீரபாண்டியின் அக்கா இறந்ததிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தையே இல்லை. இப்போது வீரபாண்டியே தினமும் மச்சானை வண்டியில் கூட்டிவருகிறார்.

"சொந்தக்காரங்க குரூப்புல என்னையச் சேத்தியே மாப்ள, அதுவே பெருசு."

"நான்தான அட்மின். விடுங்க மச்சான்."

அக்காவின் நினைவு நாளன்று மொக்கையன் யாரையும் கேட்காமல் மனைவியின் படத்தைத் தேடியெடுத்து, பூ வைத்து, தானே குரூப்பில் போட்டார். வகுப்பே கைதட்டியது.

மறு நிமிடம் படத்தைக் காணவில்லை. மொக்கையனும் குரூப்பிலிருந்து நீக்கப்பட்டிருந்தார்.

"மாப்ள, தப்பா எதையும் அமுக்கிட்டியா?"

"பாத்துத்தான் அமுக்குனேன்." வீரபாண்டி போனைச் சட்டைப்பையில் போட்டார். "எங்கக்கா செத்தன்னிக்குப் பொறந்த வீட்டுக் கோடிச் சேலையோட வந்தேன். சொந்தக்காரங்க அம்புட்டுப் பேரும் பாக்க, வாசல்லயே நிறுத்தித் திருப்பி அனுப்புனீக. இன்னைக்கு நீங்க கொண்டாந்தத நான் திருப்பிட்டேன். அதே சொந்தக்காரங்க பாத்துட்டாக."

மொக்கையன் பச்சைக் கலரைத் திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்த்தார்.

"அவுக முன்னாடி நீங்களும் ஒருநா அப்படி நிக்கணும்னுதான் மச்சான், இம்புட்டையும் சொல்லிக்குடுத்தேன்."