மறந்து வைத்த மணை

காய்ந்த ஆற்றைத் தாண்டி இதுவரை எந்த ஊழியக்காரரும் போனதில்லை என்று கேள்விப்பட்டதும், பாஸ்டர் லோமுரியா, வாடகைக்கு வண்டி ஓட்டும் எகிடோரின் மோட்டார் சைக்கிளில் ஏறிவிட்டார். அப்படிப்பட்ட ஊருக்குத்தான் சபை ஆள் அனுப்பும்.

முதல் குடிசை வாசலில் தன் மணையைப் போட்டு உட்கார்ந்தார். வட கென்யாவின் துர்க்கானா ஆம்பிளைக்கு உட்காரவும் தலைக்கு வைத்துப் படுக்கவும் அந்த மரத்துண்டுதான். தானே செதுக்குவான், யாருக்கும் இரவல் தரமாட்டான்.

வீட்டுக்காரி நகிரு ஆட்டுப்பால் டீ கொண்டுவந்தாள்.

"உங்களுக்குச் சர்க்கரை போடல பாஸ்டர். போன தடவையே வேணாம்னீங்க."

"போச்சு, நமக்கு முன்னாடியே எவனோ வந்துட்டான்," என்று சிரித்தான் எகிடோர். "அதுவும் உங்க மூஞ்சியோட."

"லட்சணமான மூஞ்சின்னா நாலு பேருக்கு இருக்கத்தான் செய்யும்," என்றார் லோமுரியா.

கிளம்பும் நேரம், எகிடோர் வண்டியை உதைத்துக்கொண்டிருந்தபோது, நகிரு உள்ளேயிருந்து ஒரு மணையை எடுத்துவந்தாள்.

"போன தடவை விட்டுட்டுப் போனதை இப்பவாவது கொண்டுபோங்க. மணையை மறக்குற ஆம்பிளையை இப்பத்தான் பாக்குறேன்."

அவர் செதுக்குகிற அதே சாய்வு, அவர் சுட்டு வைக்கிற அதே புள்ளிகள். ஆனால் நடுவில் விரிசல் விட்டு, நீலத் துணியால் கட்டியிருந்தது. தன் மணையைத் தடவிப் பார்த்தார். விரிசலே இல்லை.

"என்னோடது இல்லம்மா," என்று நிம்மதியாகத் திருப்பிக் கொடுத்தார்.

திரும்பும் வழியில், ஆற்றுக்குள் ஒரு கல்லில் வண்டி தூக்கிப்போட, மணை தெறித்து விழுந்தது. எகிடோர் ஓடிப்போய் எடுத்தான்; நடுவில் விரிசல் விட்டிருந்தது. தன் கழுத்தில் சுற்றியிருந்த நீலத் துண்டைக் கிழித்து, விரிசலைச் சுற்றி இறுக்கிக் கட்டினான்.

"தாங்கும் பாஸ்டர். அடுத்த தடவை போகும்போது அங்கேயே விட்டுட்டு வந்துடாதீங்க."