லிஃப்ட்டில் இருப்பவள்

"லிஃப்ட் பேசுதுண்ணே. சிரிக்காம கொஞ்சம் காது குடுத்துக் கேளுங்க."

சாத்தியிருந்த லிஃப்ட் கதவைத் தொடாமல், ஓரடி தள்ளி நின்றே சொன்னார் காவலாளி. மெக்கானிக் கருவிப் பையைக் கீழே வைத்துவிட்டுக் கதவின் இடுக்கில் காதைப் பதித்தார். உச்சி வேளை. குடியிருப்பில் பெரியவர்கள் வேலைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் போயிருந்தார்கள். கூடத்தில் குழல்விளக்கு இரைவது மட்டுமே கேட்டது.

அப்போது மேலே, இரண்டு மாடிகளுக்கு நடுவே எங்கிருந்தோ ஒரு பெண்குரல் மெல்ல இறங்கி வந்தது.

"அவசரமே இல்ல. நான் இங்கதான் இருக்கேன். பேசத் தோணலைன்னா பேச வேண்டாம்."

மெக்கானிக் சட்டென்று காதை எடுத்தார். "உள்ள யாருப்பா?"

"யாருமில்லண்ணே. தினமும் இதே கூத்துதான். நடுவுல நிக்கும், அந்தம்மா பேசும், அப்புறம் உச்சிக்குப் போயிடும். கீழ கூப்பிட்டா காலியா வரும்." காவலாளி குரலைத் தாழ்த்தினார். "நம்ம குடியிருப்புச் சங்கச் செயலாளர் சாரோட சம்சாரம் தவறின பிறகுதான் இப்படி. எல்லாரும் படியேறவே பழகிட்டாங்க. மூணாவது மாடி அக்கா பாதியா இளைச்சுட்டாங்க. பேய்க்கு அவங்கதான் நன்றி சொல்லணும்!"

அவருடைய சிரிப்பு பாதியில் நின்றது. லிஃப்ட் முனகிக்கொண்டே மேலே நகர்ந்து, உச்சியில் போய் நின்றது. மெக்கானிக் பொத்தானை அழுத்தினார். அது இறங்கி வந்தது, கதவு விலகியது. உள்ளே ஆளில்லை.

ஆனால் ஆளில்லாத அந்தப் பெட்டி கேட்டது: "போயிட்டீங்களா? பரவாயில்ல. நாளைக்கும் நான் இருப்பேன்."

காவலாளி வாசல் வரைக்கும் ஓடியே போய்விட்டார்.

மெக்கானிக்குக்கும் ஓடத்தான் தோன்றியது. ஆயினும் தொழில் தெரிந்தவர். இயந்திரம் எதைச் செய்தாலும் அதற்கொரு கம்பி இருக்கும் என்று நம்புகிறவர். உள்ளே போய், சுவரிலிருந்த சிவப்பு மணிப்பொத்தானை அழுத்தினார். யாராவது மாட்டிக்கொண்டால் அழுத்துவதற்கான பொத்தான் அது. அதற்குள்ளிருக்கும் தொலைபேசி நேரே அவருடைய நிறுவனத்தைக் கூப்பிட வேண்டும். கடைசிப் பராமரிப்பின்போது அதைப் பொருத்தியவரும் அவரே.

மணி அடித்தது. அதே குரல் எடுத்தது. "மனநல உதவி மையம். மனசுல இருக்கிறதைச் சொல்லுங்க, கேட்கிறேன்."

"மன்னிச்சுக்கங்கம்மா... தப்பா வந்துடுச்சு."

"தப்பா வந்தாலும் பேசலாம்."

அழைப்பைத் துண்டித்துவிட்டுச் சுவரைப் பார்த்தார். இப்போது நினைவுக்கு வந்தது. அன்றைக்கு இந்தச் சுவரில் அருகருகே இரண்டு ஸ்டிக்கர்கள். ஒன்று நிறுவனத்துடையது, மற்றொன்று, 'தாங்க முடியவில்லையா? எங்களோடு பேசுங்கள்' என்று யாரோ தொண்டர்கள் ஒட்டிவிட்டுப் போனது. பக்கத்து எண்ணைப் பார்த்துப் பதித்திருக்கிறார்! இப்போது அந்த ஸ்டிக்கர் இருந்த இடத்தில் காகிதத் தழும்பு மட்டுமே மிச்சம். நிஜமாகவே ஒருவர் மாட்டிக்கொண்டால் மீட்க யாரும் வரமாட்டார்கள். அலுவலகத்துக்குத் தெரிந்தால் அவருடைய வேலையும் இருக்காது.

படிகளில் செருப்புச் சத்தம் கேட்டது. செயலாளர் ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார். மடிப்புக் கலையாத சட்டை. இறுக மூடிய வலது கை.

"உன்னை யாருய்யா வரச் சொன்னது? லிஃப்ட்டுக்கு ஒண்ணுமில்ல. கிளம்பு."

"இருக்கு சார். பேயுமில்ல, பிசாசுமில்ல. தப்பு என்னோடது." மெக்கானிக் ஒன்றையும் மறைக்காமல் சொல்லி முடித்தார். "இங்க இருந்த ஸ்டிக்கரைத்தான் யாரோ கிழிச்சுட்டாங்க. இருந்திருந்தா உள்ள வந்ததுமே எனக்குப் பிடிபட்டிருக்கும்."

"நான்தான் கிழிச்சேன். நல்ல குடும்பங்க இருக்கிற இடத்துல இது எதுக்குன்னு."

அவர் முகத்தில் எதுவும் அசையவில்லை. மெக்கானிக் கருவிப் பையை எடுத்துக்கொண்டார். "இப்பவே மாத்திடறேன் சார். மெஷின் ரூமுக்குப் போகணும். மொட்டைமாடிச் சாவி..."

தூரத்தில் நின்ற காவலாளி, 'கேட்காதே, கேட்காதே' என்று இரண்டு கைகளையும் ஆட்டினார். அந்தச் சாவியைக் கேட்ட பாவத்துக்காகத் தண்ணீர்த்தொட்டி கழுவ வந்தவர்களை விரட்டியடித்தவராயிற்றே இவர்!

செயலாளர் தம் மூடிய கையைப் பார்த்தார். பிறகு விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். உள்ளங்கையில் சாவியின் பற்கள் சிவப்பாகப் பதிந்திருந்தன.

"மாத்திடு. அதுக்கு முன்னாடி அந்த நம்பரை எனக்கு எழுதிக் குடுத்துடு, கிழிச்ச பாவி நான்தானே," என்றார். "வேலை முடிஞ்சதும் சாவியை வாட்ச்மேன்கிட்ட குடு, நானே வந்து கேட்டாலும் தரக் கூடாதுன்னு சொல்லிடு. நான் லிஃப்ட்டை நடுவுல நிறுத்திப் பேசினப்போ, இந்தச் சாவியைக் கைவிடச் சொல்லி அந்தம்மா நேத்தே கேட்டாங்க. இன்னிக்கும் மொட்டைமாடிக் கதவு வரைக்கும் போயிட்டு, திறக்காமத்தான் இறங்கி வர்றேன்."