ஆடாத வளையம்

மழைக்காட்டு ஆற்றில் ஒரு சின்ன உல்லாசப் படகு போய்க்கொண்டிருந்தது. அதன் சுவரில் இருந்த உயிர்காப்பு வளையத்துக்குத் தன் வெள்ளைச் சாயத்தின் மேல் அத்தனை பெருமை. பயணிகள் பக்கத்தில் நின்று படம் எடுக்கும்போது ஆடக் கூடாது என்று அதை நாலு திருகாணி போட்டு முடுக்கியிருந்தார்கள்.

“எனக்கு இனிமே தண்ணியில வேலை இல்லை. சேத்துல கிடக்கிறது உன் தலையெழுத்து” என்று அப்போது அது நங்கூரத்தைக் கேலி செய்து சிரித்திருந்தது. நங்கூரம் அதை மறக்கவே இல்லை.

அன்று மாலை, மரங்கள் கவிந்து இருண்ட ஒரு வளைவில், மிதந்து வந்த அடிமரம் படகை இடித்தது. படகு சாய்ந்த வேகத்தில் ஒரு பெண் ஆற்றில் விழுந்தாள். சமையல்காரர் ஓடிவந்து வளையத்தை இரண்டு கையாலும் இழுத்தார். அது வரவில்லை.

வளையத்துக்கு உயிரே போய்விட்டது. “நங்கூரத்தண்ணே, நீங்களாவது இறங்கிப் படகை நிறுத்துங்கண்ணே! நேத்து என்னைக் கட்டிப் பிடிச்சுப் படம் எடுத்துக்கிட்ட பொண்ணு!”

“திருகாணி ஏறும்போது சிரிச்சியே, இப்பவும் சிரி” என்றது நங்கூரம்.

சமையல்காரர் சுவரில் காலை ஊன்றி இழுத்தார். அவள் கூப்பிடும் குரல் ஒவ்வொரு தடவையும் இன்னும் தள்ளிக் கேட்டது. பிறகு தவளைச் சத்தம் மட்டும் கேட்டது.

வளையம் கொஞ்சமும் ஆடவில்லை.