பழைய சக்கரம் வாங்கிய இளிச்சவாயன்

பெல்ஜியத்தில் ஊர்த் திருவிழா என்றால் தேருக்குப் பதில் சைக்கிள் ஓடும், ஊரே ஓட்டும். அந்தப் பந்தயத்துக்காக யோரிஸ் பாகம் பாகமாக எடை குறைந்ததாய் மாற்றித் தன் சைக்கிளை இளைக்க வைத்துக்கொண்டிருந்தான். தொந்தியைத்தான் தொடவில்லை.

"இருக்குற காசுக்கு உனக்கு கார்பன் சக்கரம் கேக்குதா?" என்றாள் மனைவி ஹில்டே.

"பழசை வித்துத்தானே வாங்கறேன்! சட்டம், சீட், சக்கரம்னு எதைக் கடையில வித்துத் தரச் சொன்னாலும் ஒரே ஆளு வாங்கிட்டுப் போறானாம். எவனோ இளிச்சவாயன்!"

"பாவம்," என்றபடி ஹில்டே வழக்கம்போல் அக்கா வீட்டுக்குக் கிளம்பினாள்.

பந்தயத்தன்று, கருங்கல் பாவிய மேட்டில், இறகு போன்ற புதுச் சக்கரம் முதல் குழியிலேயே படாரென்று உடைந்தது. யோரிஸ் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தான். பின்னாலிருந்து ஒரு சைக்கிள் கடகடவென்று அவனைத் தாண்டியது. அதன் சட்டத்தில், விற்பதற்கு முன் அவன் ஒட்டியிருந்த அதே சிவப்பு நாடா!

"யோவ், அது என் சைக்கிள்யா!" என்று கத்தினான்.

ஹெல்மெட் திரும்பியது. உள்ளே ஹில்டே.

"காசு கொடுத்து வாங்கியிருக்கேன்ல! அக்கா வீடு மேட்டுக்கு அந்தப் பக்கம்தானே? எல்லாத்தையும் கடையிலேயே மாட்டி வெச்சு, அங்கேர்ந்து தினம் இதுலதான் போறேன். நீ நேரா வீட்டுக்குப் போய் உருளைக்கிழங்கை வறுத்து வை. இளிச்சவாயன் கோப்பையோட பசியா வருவான்!"