இரண்டாம் பொரிப்பு

வினோஜ் பையைக் கவிழ்த்தான். சமையல் மேடையில் தொப்பென்று விழுந்தது மரச்சீனிக் கிழங்கு.

இரண்டு கிலோ. மண்கூடக் காயவில்லை.

சண்முகவடிவு கடிகாரத்தைப் பார்த்தாள். மணி மூன்றரை. ஐந்து மணிக்கு ஜின்சி வந்துவிடுவாள்.

"நான் கேட்டது கிழங்குங்க."

"இது கிழங்கு இல்லாம பின்ன என்னதாம்?"

வடிவு பிறந்த கோவில்பட்டியில் பூரியோடு வருவது கிழங்கு. கொட்டாரத்தில் மீன்குழம்போடு வருகிற இந்த மரவள்ளிதான் கிழங்கு. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து ஆறு மாதம் ஆகியும் வடிவுக்கு அது மண்டையில் ஏறவில்லை.

"உருளை வேணும். ஒரு கிலோ. சீக்கிரம் போங்க."

பைக் மறுபடி சீறிக் கிளம்பியது.

ஜின்சி, வினோஜின் மகள். பிரிந்துபோன முதல் மனைவி ரெஜிஷாவுக்குப் பிறந்தவள். எட்டு வயது. போன மாதம்தான் முதல் தடவையாக இந்த வீட்டுக்கு வந்தாள். ஒரு மடக்குத் தண்ணீர்கூடக் குடிக்காமல் அழுதாள். அரை மணி நேரத்தில் தாய்மாமன் சுதன் அவளைத் திரும்பக் காரில் ஏற்றிவிட்டான்.

"இன்னும் ஒருக்கா இப்பிடி ஆச்சுன்னா பிள்ளைய அனுப்ப மாட்டோம், கேட்டியளா?" வாசலில் நின்றே சொல்லிவிட்டுப் போனான்.

"எல்லாம் ரெஜிஷா சொல்லிக் குடுத்த பேச்சு" என்று வினோஜ் நான்கு நாள் புழுங்கினான்.

இன்று இரண்டாவது தடவை. கடைசித் தடவையாகவும் இருக்கலாம்.

பைக் சத்தம் தேய்ந்ததும் வடிவு போனை எடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டு மேடையில் சாய்த்து வைத்தாள்.

"அக்கா, மரச்சீனிய வாங்கிட்டு வந்துட்டாரு."

மறுமுனையில் சிரிப்பு வெடித்தது.

"கிழங்குன்னு மட்டும் சொல்லி விட்டியாக்கும்? நல்ல ஆளுதான் போ. செரி, அதத் தூரக் களையாண்டாம். நாலு துண்டத் துருவிப் பிழி. பிழிஞ்ச பாலுக்கு அடியில தங்குத மாவுதான் நமக்கு வேணும்."

வடிவு துருவினாள். விரல் நுனியில் ரத்தம் பூத்தது. உதறிக் கழுவிவிட்டு மறு கையால் பிழிந்தாள்.

உருளை வந்து சேர்ந்தபோது போன் கவிழ்ந்து கிடந்தது. வினோஜ் அதைக் கவனிக்கவில்லை. பையை வைத்துவிட்டு வாசல் கேட்டுக்குப் போய் நின்றுகொண்டான். ரோட்டைப் பார்ப்பதும் செருப்பைக் கழற்றி மாட்டுவதுமாக இருந்தான்.

போன் நிமிர்ந்தது.

சுண்டுவிரல் கனத்துக்கு வெட்டல். ஐஸ் தண்ணீரில் ஒரு முழுக்கு. கொதிக்கிற உப்புத் தண்ணீரில் மூன்றே நிமிடம். துணியில் பரப்பி, ஈரம் போக ஒற்றி, அடியில் படிந்திருந்த மரச்சீனி மாவை உதிர்த்து அதில் ஒரு புரட்டு. அக்கா ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். ஒரு இடத்தில்கூட யோசிக்கவில்லை.

முதல் பொரிப்பு முடிந்தது. தட்டில் கிடந்தவற்றில் ஒன்றை வடிவு விரலால் தூக்கிப் பார்த்தாள்.

"வெளுத்துத் தொவண்டு கெடக்கு அக்கா. கெடுத்துட்டேன்."

"கெடக்கட்டும் மக்கா. முதல்ல போடுதது உள்ள வேகதுக்கு. ஆற விடு. ரெண்டாவது போடும்பதான் மொறுமொறுப்பு ஏறும். அதுக்குள்ள சாஸக் கலக்கு."

கெட்டித் தயிர் இரண்டு கரண்டி. தக்காளி சாஸ் ஒரு கரண்டி. பூண்டு ஒரே ஒரு பல், துருவி. ஒரு சிட்டிகை சீனி.

மணி நான்கு ஐம்பது. எண்ணெய் நன்றாகக் காய்ந்திருந்தது.

"அடுப்புப் பக்கத்துல போனப் பிடி" என்றாள் அக்கா.

வடிவு பிடித்தாள். உருளை விழுந்ததும் எண்ணெய் ஓவென்று இரைந்தது. மறுமுனையில் அக்கா அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இரைச்சல் மெல்லத் தணிந்தது. சடசடப்பாயிற்று. பிறகு சலசலப்பு.

"எடுக்கட்டுமா?"

"பொறு."

சலசலப்பும் மெலிந்தது.

"இப்ப எடு."

அரிகரண்டியால் அள்ளினாள். அத்தனையும் பொன் நிறம். ஒன்று தட்டில் விழுந்து டிக்கென்று சத்தமிட்டது. அடுப்படியில் நிற்கிறவளின் கண்ணுக்குப் பிடிபடாத பதம், எங்கோ இருப்பவளின் காதுக்குப் பிடிபட்டிருந்தது. இப்படியொரு சட்டியின் முன்னால் அவள் எத்தனை நாள் நின்றிருக்க வேண்டும்.

வெளியே ஹார்ன். லைன் துண்டானது.

ஜின்சி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். பள்ளிக்கூடப் பையை மடியில் அணைத்து வைத்திருந்தாள். உதடு இப்போதே கோணத் தொடங்கியிருந்தது. சுதன் உட்காரவில்லை. கார் சாவியை விரலில் சுழற்றியபடி நிலைப்படியில் நின்றான்.

வடிவு தட்டை வைத்தாள். சாப்பிடு என்று சொல்லவில்லை. அடுக்களைக்குள் திரும்பி வந்து சுவரோடு ஒட்டி நின்றாள்.

ஒன்றும் கேட்கவில்லை.

ஒன்றும் கேட்கவில்லை.

கறுக்.

வடிவு எட்டிப் பார்த்தாள். இரண்டாவது துண்டு சாஸில் முங்கி எழுந்தது. மூன்றாவதுக்குக் கை நீண்டபோது, மடியிலிருந்த பை தரைக்கு இறங்கியது.

"சாஸ் இன்னும் இருக்கா?" என்றது சின்னக் குரல்.

சுதன் சாவியைச் சட்டைப் பையில் போட்டான். "செரி. நாளைக்கு சாயங்காலம் வாறேன்."

கார் போன பிறகுதான் வினோஜ் அடுக்களைக்குள் வந்தான். கண் சிவந்திருந்தது.

"இது எப்பிடி ஒனக்குத் தெரிஞ்சுது?"

"அக்கா சொல்லிக் குடுத்தாங்க."

வினோஜ் அவளையே பார்த்தான். வடிவின் வீட்டில் அவள்தான் மூத்தவள். பின்னால் பிறந்தவர்கள் இரண்டு தம்பிகள்.

"எந்த அக்கா?"

மேடையில் போன் ஒளிர்ந்தது. இரண்டு பேரும் பார்த்தார்கள். மேலே பெயர், ரெஜிஷா அக்கா. கீழே இரண்டே வரி.

'தின்னாளா மக்கா? ராத்திரி லைட்ட அணைக்காண்டாம், இருட்டுன்னா பயப்படுவா.'