மூன்றாவது பிளேயர்

மனைவியின் அண்ணன் சேர்த்து வைத்த பாட்டுகள் 4,212. அவர் இறந்து ஆறு மாதமாகிறது. அவள் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. ஒன்றையாவது கேட்க வைக்கலாம் என்று, ஞாயிறு காலை புதுக் கணினியில் மூன்று பிளேயர்களை ஏற்றினேன்.

முதலாவது சட்டென்று திறந்தது. இரண்டாவது பாடல் வரிகளைக் காட்டியது. மூன்றாவது ஆமை வேகம், அழகும் இல்லை.

சோதனைக்காக, அங்கேயே நானே ஒரு பாட்டைப் பாடிப் பதிவு செய்து அதையும் சேர்த்தேன். மூன்றிலும் 4,213. மூன்றாவதில் மட்டும் என் பாட்டுக்கு ஒற்றை நட்சத்திரம். 'வகை' என்ற கட்டத்தில் 'குளியலறை' என்று இருந்தது.

"ஏய், நீ போட்டியா?"

"சத்தியமா இல்லீங்க. அண்ணன்தான் உங்க பாட்டுக்கெல்லாம் அப்படிப் போடுவான்."

"இதை இப்பதானே பாடி ஏத்தினேன்?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். ஆறு மாதத்தில் முதல் சிரிப்பு.

"இன்னொரு தடவை பாடுங்க, பாக்கலாம்."

மற்ற இரண்டு பிளேயர்களையும் நீக்கினேன். வெந்நீர் குடித்து, தொண்டையைச் செருமி, அதே பாட்டை நிதானமாகப் பாடிப் பதிவு செய்தேன். 4,214. பட்டியல் மெதுவாக நிரம்பியது.

இரண்டு நட்சத்திரம். வகை: 'குளியலறை. பரவால்ல மாப்ள, தேறிடுவீங்க.'