ஏழாவது கேள்வி

ஏழாவது கேள்வியில் அவள் நின்றுவிட்டாள்.

உடன் சேர்ந்த மற்றவர்கள் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்கள். அவள் மட்டும் ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு திரையையே பார்த்திருந்தாள். மௌஸின் மேலிருந்த விரல் அசையவில்லை.

பின்வரிசையிலிருந்து ரேணுகா அதைக் கவனித்தாள்.

இந்த இணையவழிப் பயிற்சியை உருவாக்கியவள் ரேணுகாதான். புதிதாகச் சேருகிறவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள், எங்கே படிக்காமலே தட்டிவிட்டுப் போகிறார்கள் என்று நேரில் பார்க்க வந்திருந்தாள். அட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலை அது. முதல் நாள் காலை முழுதும் இந்த அறையில். மதியத்துக்கு மேல் இயந்திரக்கூடம்.

கேள்வி எளிமையானதுதான்.

உருளைகளுக்கு நடுவே காகிதம் சிக்கிக்கொண்டது. முதலில் என்ன செய்வீர்கள்?

இயந்திரத்தை நிறுத்துவேன்.

மேஸ்திரியைக் கூப்பிடுவேன்.

ஓடும்போதே கையால் இழுத்துவிடுவேன்.

தவறான விடையும் நம்பும்படியாக இருக்க வேண்டும். அப்போதுதான் படிக்கிறவர்கள் யோசிப்பார்கள். ரேணுகாவுக்கு அது தெரியும். ஆனாலும் அந்த மூன்றாவது வரியை எழுதிய அன்று அவளால் சாப்பிட முடியவில்லை.

போன வருடம் இங்கே வேலை பார்த்த குணசீலன் அப்படித்தான் இழுத்தான். காகிதத்தோடு கையும் போயிற்று. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

மறுநாள் மேலாளர் அவளிடம் கேட்டது ஒன்றுதான்.

"அந்தப் பையன் ட்ரெயினிங் முடிச்சிருக்கானா?"

முடித்திருந்தான். எல்லாக் கேள்விக்கும் சரியான விடை. ரேணுகாதான் அந்தப் பதிவை எடுத்து அனுப்பினாள். பயிற்சி பெற்றிருந்தும் கவனக்குறைவாக நடந்துகொண்டார் என்று விசாரணை முடிந்தது.

அதன்பிறகு அவள் பயிற்சி முழுவதையும் கலைத்துப் போட்டாள். நீளமான பாடங்களைத் துண்டு துண்டாக வெட்டினாள். யாரோ வெளிநாட்டுக்காரர்கள் சிரித்துக்கொண்டு நிற்கும் படங்களைத் தூக்கிவிட்டு, இங்கே ஓடுகிற இயந்திரத்தையே படம் பிடித்துச் சேர்த்தாள். பாடம் முடியாமல் 'அடுத்து' என்ற பொத்தான் தெரியாது. தவறாகச் சொன்னால் மறுபடியும் முதலிலிருந்து.

பாடம் அவன் மனதில் பதியவில்லை என்றுதான் அவள் நினைத்திருந்தாள். பதிந்திருந்தால் அவன் இழுத்திருக்க மாட்டான்.

எழுந்து அந்தப் பெண்ணின் அருகே போனாள்.

திரையின் மூலையில் பெயர் இருந்தது.

பூங்கொடி குணசீலன்.

கணவன் போனதற்காக நிர்வாகம் கொடுத்த வேலை. பேக்கிங் பிரிவில். யாரோ சொன்னது ரேணுகாவின் காதில் விழுந்ததுதான். இன்றைக்கு வருவாள் என்று தெரியாது.

திரும்பிப் போய்விடலாமா என்றிருந்தது. அதற்குள் அவள் நிமிர்ந்துவிட்டாள்.

"புரியலைங்களா?" என்றாள் ரேணுகா.

"புரியுதுங்க மேடம். எது சரின்னு தெரியுதுங்க." சற்றுத் தயங்கினாள். "அவருக்குந் தெரியுங்க. சேந்த அன்னைக்கே ஊட்டுக்கு வந்து சொன்னாரு. மொதல்ல மிசின நிறுத்தோணும், அப்பறந்தான் கைய வெக்கோணும்னு."

ரேணுகா பக்கத்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"அப்பறம் கொஞ்ச நாள் கழிச்சு நாந்தான் கேட்டேனுங்க. நிறுத்துனா மேஸ்திரி கத்தறாரு, எல்லாருமே ஓட ஓடத்தான் எடுக்கறோம்னாரு."

திரையைக் காட்டினாள்.

"இப்ப நானு எதையங்க அமுக்கோணும்? படிச்சதையா, அங்க செய்யறதையா?"

ரேணுகாவின் பார்வை மூன்றாவது வரிக்குப் போயிற்று.

பூங்கொடி கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு தானே முதல் விடையைத் தட்டினாள்.

சரியான விடை! பாராட்டுகள்!

திரை முழுக்க வண்ணக் காகிதங்கள் சிதறி விழுந்தன. படிக்கிறவர்கள் உற்சாகமாக இருக்கட்டும் என்று ரேணுகா தேடிப்பிடித்துச் சேர்த்தது. அவை விழுந்து முடியும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மதியம் அவர்களை இயந்திரக்கூடத்துக்கு அழைத்துப் போனபோது ரேணுகாவும் கூடப் போனாள். வழக்கமாகப் போகமாட்டாள்.

உள்ளே பேச்சு எதுவும் கேட்காது. அவ்வளவு இரைச்சல். சூடான காகிதத்தின் வாடை. உருளைகள் ஓடிக்கொண்டிருந்தன.

பக்கத்துக் கம்பத்தில் சிவப்புப் பொத்தான்.

ரேணுகா போய் அதை அமுக்கினாள்.

இரைச்சல் இறங்கியது. ஒரு முனகலாகத் தேய்ந்தது. பிறகு அதுவும் இல்லை.

கூடத்தின் மறுகோடியிலிருந்து குரல் வந்தது.

"எவன்டா அவன்? எவனக் கேட்டுடா நிறுத்துன? அறிவு கெட்ட..."

மேஸ்திரி ஓடிவந்தார். ரேணுகாவைப் பார்த்ததும் மிச்சத்தை விழுங்கிக்கொண்டார்.

"மேடமுங்களா... ஒரு வார்த்த சொல்லியிருந்தா..."

"நான்தான் நிறுத்தினேன்."

அவர் தலையை ஆட்டினார். அவள் பின்னால் நின்றவர்கள் மேல் பார்வை ஓடியது. பூங்கொடியிடம் வந்து நின்றது. குணசீலனின் இறுதிச் சடங்குக்கு வந்தவர் அவர். கழுத்துத் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

பூங்கொடி அவரைப் பார்க்கவில்லை.

மெல்ல நடந்து உருளைகளின் அருகே போனாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து, அவற்றுக்கு நடுவிலிருந்த இடைவெளியைப் பார்த்தாள்.

"இத்தன வெரசா நின்னுருமுங்களா?"

யாரையும் பார்த்துக் கேட்கவில்லை.

தூரத்தில் நின்ற ஓர் ஆள், மறுபடி ஓட்டலாமா என்று கையை உயர்த்திக் காட்டினான்.